பாம்பைப் பட்டினி போட்ட குளிர்காலம்

1

ராயபுரம் பிள்ளைகளுக்கு,

நீங்கள் பதினோரு பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம் கிடைத்தது. உங்கள் டியூசன் வாத்தியார் பத்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அவர்தான் உங்களை எழுத வைத்திருப்பார் என்று தெரியும். இருந்தாலும் சந்தோஷம். மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பனி பெய்யும்போது சத்தம் வருமா, அங்கே இட்லி மாவு புளிக்குமா, அவ்வளவு குளிரில் பாம்பெல்லாம் என்ன செய்யும்.

பனிக்குச் சத்தம் கிடையாது. மாவு புளிக்க இரண்டு நாள் ஆகும், அதுவும் ஹீட்டர் பக்கத்தில் வைத்தால். மூன்றாவது கேள்விக்குத்தான் இவ்வளவு காகிதமும். அந்த விஷயத்தில் நானே இந்தக் குளிர்காலத்தில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

இன்றோடு நாங்கள் கனடாவுக்கு வந்து ஐந்து வருடம். காலையில் உங்கள் அத்தை சாந்தாமணி சேமியா பாயசம் வைத்தாள். எங்கள் மகள் பவித்ரா அதில் இரண்டு கரண்டி குடித்துவிட்டுப் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். வரும்போது அவளுக்கு ஒன்பது வயது, இப்போது பதினான்கு. தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். ஆகவே நான் இங்கே அவளைப் பற்றி எழுதுவதை அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். "உண்மையை மட்டும் எழுதுங்ப்பா" என்று சொல்லியிருக்கிறாள்.

நான் வீரபாண்டியில் பதினேழு வருடம் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்தவன். இங்கே காலுறை பின்னும் மில்லில் அதே வேலை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மூன்றரைக்குத் திரும்புவேன். நான் எழுதுவதில் எழுத்துப்பிழை இருந்தால் வாத்தியாரைத் திருத்தச் சொல்லுங்கள். நான் செய்த பிழை வேறு, அதை அவர் திருத்த முடியாது.

2

பாம்பு எங்கள் வீட்டுக்கு வந்தது போன வருடம். மாடியில் குடியிருந்தவர்கள் ஊர் மாறிப் போனார்கள். போகும்போது கண்ணாடித் தொட்டியோடு அதைப் பவித்ராவுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு கையிலும் அதை ஏந்திக்கொண்டு வந்து முன்னால் நின்றாள்.

கறுப்பு உடம்பு, அதில் தலை முதல் வால் வரை குறுக்கே குறுக்கே வெள்ளைப் பட்டை. உங்களில் தோட்டத்துப் பக்கம் வீடு இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியே கட்டுவிரியன். வீரபாண்டியில் எங்கள் கம்பெனி வேஸ்ட் துணிக் குவியலில் ஒரு தடவை கட்டுவிரியன் கிடந்து, இரண்டு ஷிப்ட் ஆட்களும் ரோட்டில் நின்றார்கள். நான் ஒரு காலில் ஷூவோடு சோபா மேல் ஏறிவிட்டேன்.

"அப்பா, கீழ எறங்குங்க. இது கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

"கட்டுவிரியனக் கையில புடிச்சுட்டு என்னைய எறங்கச் சொல்றியா சாமி."

"கட்டுவிரியன் இல்லீங்ப்பா. கிங் ஸ்நேக். விஷமே கெடையாது. மத்த பாம்பையே இது புடிச்சுத் தின்னுரும், அதனாலதான் கிங்."

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து சாந்தாமணியின் குரல் மட்டும் வந்தது. "ஏனுங்க, நீங்க பாட்டுக்கு மேல ஏறிக்கிட்டீங்க. நானெங்கீங்க ஏறறது, அடுப்பு மேலயா?"

பவித்ரா அதற்கு 'ஸ்ட்ரைப்' என்று பெயர் வைத்தாள். கறுப்பு நூலும் வெள்ளை நூலும் மாற்றி மாற்றி ஓட்டிய பனியன் துணி மாதிரித்தான் அது இருந்தது. பெயர் எனக்குப் பிடித்துப்போயிற்று. பயம் போக ஒரு மாதம் ஆனது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது அமெரிக்கப் பக்கத்துப் பாம்பு. நம் ஊரில் பட்டை போட்ட பாம்பைக் கண்டால் பக்கத்தில் போகக்கூடாது, கல்லும் எறியக்கூடாது. தள்ளி நின்று பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். நம் நாட்டில் பாம்பை வீட்டில் வைத்து வளர்ப்பதும் சட்டப்படி தப்பு. இதைப் படித்துவிட்டு யாரும் ஜாடி தேடக்கூடாது.

இந்த ஊரில் வளர்க்கலாம், ஆனால் குடியிருப்பு ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு நான்கு பக்க ஃபாரம். நாய், பூனையை நினைத்து அச்சடித்தது. குரைக்குமா, எத்தனை மணிக்கு வெளியே நடத்திக் கூட்டிப்போவீர்கள், முடி கொட்டுமா என்றெல்லாம் கேள்வி. எதையும் காலியாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். குரைக்காது. நடக்காது, கால் இல்லை. முடி இல்லை, தோல் முழுசாகக் கழன்று வரும். ஆபீசில் இருந்த அம்மா அதைப் படித்துவிட்டுப் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஏதோ தப்பு என்று நினைத்து நான் பேனாவைத் திரும்ப எடுத்தேன். "வேண்டாம், இது அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி முத்திரை குத்திவிட்டார்.

3

இனி நீங்கள் கேட்ட விஷயம்.

நம் உடம்புக்குள்ளேயே ஒரு அடுப்பு எரிகிறது. தின்றால் அது எரியும், ஸ்வெட்டர் போட்டால் சூடு தங்கும். பாம்புக்கு அடுப்பு வெளியே இருக்கிறது. வெயில்தான் அதற்கு அடுப்பு. வெயில் போய்விட்டால் அதால் ஓட முடியாது, தின்ன முடியாது, தின்றதைச் செரிக்கவும் முடியாது. அதனால் குளிர் தொடங்கும்போதே தின்பதை நிறுத்திவிட்டு மண்ணுக்கு அடியில் ஒரு பொந்துக்குள் போய் ஒடுங்கிவிடும். கரடி மாதிரி ஒரே தூக்கம் இல்லை. நடுவில் முழிக்கும், கொஞ்சம் நகரும், தண்ணீர் குடிக்கும். மூன்று மாதம் கழித்துச் சூடு வந்ததும் வெளியே வரும்.

வீட்டில் வளர்கிற பாம்புக்கு இது கட்டாயம் இல்லை. வருடம் முழுக்க ஹீட்டர் போட்டு வைத்திருக்கலாம். ஆனால் பவித்ராவுக்கு ஸ்ட்ரைப் முட்டை வைக்க வேண்டும். பாம்பு விற்கும் கடைக்கார அம்மா ஒருவர் இருக்கிறார், அவரிடம் ஆண் பாம்பு உண்டு. ஒரு குளிர்காலத்தை நன்றாகக் கழித்த பெண் பாம்புதான் வசந்தத்தில் ஒழுங்காக முட்டை வைக்கும் என்று அவர் சொல்லிவிட்டார். அன்றைக்கே பவித்ரா முடிவு பண்ணிவிட்டாள். நம் வீட்டுப் பிள்ளைகள் முடிவு பண்ணினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

மாதக்கணக்கில் தயார் செய்தாள். நூலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படித்து, அச்செடுத்து, கடைக்கார அம்மாவிடம் காட்டிச் சரிபார்த்தாள். வாராவாரம் பாம்பை எடை போட்டாள். எடை குறைந்த பாம்பையும் நோய்ப்பட்ட பாம்பையும் குளிரில் வைக்கக்கூடாதாம். சமையலறைத் தராசில் போட்டுவிட்டாள் என்று சாந்தாமணி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஏற்கெனவே ஃப்ரீசரில் கருவேப்பிலை டப்பாவுக்குப் பக்கத்தில் உறைந்த எலி டப்பா. "என்ற ஊட்டு அடுப்படில எனக்குன்னு ஒரு தராசாச்சும் இருக்கோணும்" என்றாள். வேறு தராசு வாங்கினோம்.

என் பங்கு இடம் கண்டுபிடிப்பது. பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரியில் நிலையாக இருக்கும் இடம் வேண்டும். வீட்டுக்குள் இருபத்திரண்டு. வெளியே போனால் உறைந்து செத்துவிடும். கீழ்த்தளத்தில் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு சாமான் அறை உண்டு. நான் பத்து நாள் தெர்மாமீட்டரோடு அந்த அறைக்குள் போய் வந்தேன். சுவரோரம் பதினொன்று, நடுவில் பதின்மூன்று. பழைய பஞ்சுப் போர்வையைச் சுற்றி ஒரு பெட்டி செய்து, அதை நடுவில் வைத்தால் நூல் பிடித்த மாதிரி பன்னிரண்டரையில் நின்றது. இந்த வேலை எனக்குப் புதிது இல்லை. மெஷினுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று பார்த்துப் பார்த்து வைத்த கைதான்.

பவித்ரா ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஒட்டினாள். முதல் பதினாலு நாள் சூடு இருக்கும், தீனி கிடையாது. பிறகு ஒரு வாரம் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அப்புறம் கீழே பெட்டியில் பத்து வாரம். தண்ணீர் மட்டும் எப்போதும்.

'தீனி கிடையாது' என்று அவள் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அங்கேதான் விழுந்தேன்.

4

பத்தாம் நாள் அவளுக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா. இரண்டு நாள் வெளியூரில் தங்கல். "தண்ணி மாத்துங்க, தெர்மாமீட்டர் பாருங்க, அவ்வளவுதானுங்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வேலையிலிருந்து வந்து தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தேன். ஸ்ட்ரைப் மரத்தூளுக்குள் இருந்து தலையை நீட்டிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் வந்தது. நான் இடது பக்கம் நகர்ந்தால் இடது பக்கம் வந்தது. வலது பக்கம் போனால் வலது பக்கம். நாக்கு வெளியே வருவதும் போவதுமாக இருந்தது. பதினொரு நாளாக ஒன்றும் தின்னாத ஜீவன்.

நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பின நாள் ஞாபகம் வந்தது. பிளேன் ஏறுகிறவன் வயிற்றைக் காலியாக வைத்திருப்பது நல்லது என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். சொல்லிக்கொள்ளப் போன ஒரு வீட்டிலும் அது நடக்கவில்லை. வெள்ளகோவிலில் என் அக்கா இலையைப் போட்டுவிட்டு வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். "மூணு கடல் தாண்டிப் போறவனை வெறும் வவுத்தோட அனுப்பிச்சாங்கன்னு நாளைக்கு என்னையத்தான் பேசுவாங்க. உண்டுட்டு எந்திரி" என்றாள். நான்கு வீட்டில் நான்கு தடவை சாப்பிட்டேன். உங்கள் வீடுகளிலும் இதுதான் வழக்கம். ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் வந்தாலும் சரி, பயணம் போனாலும் சரி, ஒரு வாய் உண்ணாமல் படி இறங்க விட மாட்டோம்.

மூன்று மாதத் தூக்கத்துக்குப் போகிற ஜீவனை வெறும் வயிற்றோடு அனுப்புவதா என்று நினைத்தேன். அட்டவணை பிள்ளைகள் விஷயம், இது பெரியவர்கள் பார்த்துச் செய்ய வேண்டிய விஷயம் என்றும் நினைத்தேன். உண்மையை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறாள், அதனால் அதையும் எழுதுகிறேன்.

ஃப்ரீசர் டப்பாவில் இருப்பதிலேயே பெரிய எலியை எடுத்து வெந்நீரில் போட்டு இளக வைத்தேன். இடுக்கியில் பிடித்து நீட்டினேன். நீட்டின வேகத்தில் போயிற்று. எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. நானும் நன்றாகச் சாப்பிட்டேன்.

பவித்ரா திரும்பி வந்து, "தண்ணி மாத்துனீங்களாப்பா?" என்று கேட்டாள். "மாத்தினேன் கண்ணு" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அது பதிலும் இல்லை.

5

அவள் அட்டவணைப்படி பதினாலு நாள் எண்ணி முடித்தாள். ஒரு வாரம் சூட்டைக் குறைத்தாள். பாம்பு மரத்தூளுக்கு அடியிலேயே கிடந்தது. பிறகு நாங்கள் இரண்டு பேரும் பெட்டியைக் கீழே தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். கதவைச் சாத்தும்போது அவள் உள்ளே பார்த்துக் கையை ஆட்டினாள்.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சாந்தாமணி தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அதென்ன சாமி, அத்தனை நாள் அதைப் பட்டினி போட்டே? குளுருல வெக்கப் போறதுக்கு நாலு எலி எச்சாத்தான போடோணும்?"

"போட்டா செத்துப்போயிரும்மா."

"தின்னா சாவுமா?"

"அதுக்குச் சூடு இருந்தாத்தான் ஜீரணம் ஆகும். வயித்துல தீனி இருக்கையில குளிர்ல வெச்சா, உள்ளயே அழுகிப்போயிரும். வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. தூங்குதுன்னு நெனச்சுட்டு இருப்போம், செத்திருக்கும். அதுக்குத்தான் வயிறு காலியாகற வரைக்கும் பதினாலு நாள்."

அவள் சொல்லிவிட்டு அப்பளத்தை ஒடித்தாள். என் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"சோறு ஆறுதுங்க" என்றாள் சாந்தாமணி.

மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. நான் கொடுத்த பிறகு மூன்று நாள் முழுச் சூடு இருந்தது. அப்புறம் ஒரு வாரம் அரைச் சூடு. ஒருவேளை செரித்திருக்கும். பெரிய எலியாயிற்றே. செரித்திருந்தால் எதற்குச் சொல்லி அவளைக் கலங்க வைப்பது? செரிக்காவிட்டால்? இப்படியே அந்தச் சாயங்காலம் போயிற்று. நான் சொல்லவில்லை.

மறுநாள் மில்லில் ஒரு மெஷினில் ஊசி உடைந்தது. இது உங்கள் அப்பா அம்மாவுக்குத் தெரிந்த கதை. வட்டமாக நிற்கிற நூற்றுக்கணக்கான ஊசியில் ஒன்று உடைந்தாலும் துணியில் நீளமாக ஒரு கோடு விழும். மெஷின் ஓட ஓடக் கோடும் நீளும். வீரபாண்டியில் என்னிடம் வேலை பழகினவர்களிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஊசி உடைவது யார் கையிலும் இல்லை, ஆனால் கோட்டைப் பார்த்த பிறகு ஓடுகிற ஒவ்வொரு சுற்றும் உன் தப்பு. பார்த்த நிமிஷம் நிறுத்து, நிறுத்திவிட்டுக் கூப்பிடு, திட்டு வாங்கிக்கொள். திட்டு பத்து நிமிஷம், துணி நூறு கிலோ.

அந்த மெஷினை நிறுத்திவிட்டு ஊசியை மாற்றினேன். வீட்டில் விழுந்த கோட்டை நான் பார்த்து ஒரு நாள் முழுக்க ஆகியிருந்தது. சூப்பர்வைசரிடம் போய், வீட்டில் உடம்பு சரியில்லை, இரண்டு மணி நேரம் முன்னால் போக வேண்டும் என்றேன். "யாருக்கு?" என்றார். "மகளுடைய பாம்புக்கு" என்றேன். அவர் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

6

பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவளை வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். உட்கார வைத்துப் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

"நீ டூர் போயிருந்தப்ப நான் பாம்புக்கு எலி குடுத்துட்டேன் சாமி."

பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேள்வி கேட்டாள்.

"எத்தனை?"

"ஒண்ணு."

"சின்னதா பெரிசா?"

"பெரிசு."

"எத்தனாவது நாளு?"

"பதினொண்ணு."

"ஏனுங்ப்பா?"

அதற்குத்தான் என்னிடம் பதில் இருந்தது, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. "வெறும் வயித்தோட அனுப்ப மனசு வரலை" என்றேன்.

அவள் கீழே ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். பெட்டியைத் திறந்து, மரத்தூளை விலக்கி, உடம்பை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். நடுவயிற்றுக்குக் கீழே லேசாக ஒரு புடைப்பு. நாக்கு ஒரு தடவை வெளியே வந்தது. உயிர் இருந்தது.

மேலே வந்து கடைக்கார அம்மாவுக்குப் போன் போட்டாள். இங்கிலீஷில் வேகமாகப் பேசினாள். 'என் அப்பா' என்ற வார்த்தை நடுநடுவே வந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எனக்குப் புரியாமல் இருந்தது நல்லதுதான். வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஒரு நாள் வீட்டுக்குள்ள சாதாரணச் சூட்டுல வெக்கோணும். அப்பறம் ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும். தின்னது கழியற வரைக்கும் கீழ கொண்டுபோகக் கூடாது. வாயைத் தொறந்து தொறந்து மூடுச்சுன்னா, கக்குச்சுன்னா, உடனே டாக்டர்கிட்ட போகோணும். கழிஞ்சதுக்கு அப்பறம் மறுபடியும் பதினாலு நாள், மொதல்ல இருந்து."

"சரி சாமி."

"கழியலைன்னா என்ன ஆகும்னு கேக்கலீங்களா?"

நான் கேட்கவில்லை. ஹீட்டரை எடுத்து மாட்டினேன்.

சாந்தாமணிக்கு விஷயம் தெரிந்ததும் இடுப்பில் கை வைத்து நின்றாள். "பாம்புக்கு விருந்து வெச்சீங்களாக்கு? வெத்தலை பாக்கு வெக்கலீங்களா?" சிரித்துக்கொண்டே கேட்டவள், பவித்ராவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

7

அதற்குப் பிறகு பதினொரு நாள் என் மகள் என்னோடு பாம்பைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்தே அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய்க்கொண்டுதான் இருந்தாள். பாட்டு வேறு, சாப்பாடு வேறு, சிரிப்பது வேறு விஷயத்துக்கு. அதையெல்லாம் வயசு என்று விட்டுவிட்டேன். இது அப்படி இல்லை. இதை நான் செய்தேன்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவள் பின்னால் போகக்கூடாது என்று தீர்மானித்தேன். வேலையைச் செய்ய வேண்டும். காலை ஆறு மணிக்கு எழுந்து முதல் வேலையாகத் தொட்டியைப் பார்த்தேன். சூடான பக்கம் எத்தனை டிகிரி, குளிர்ந்த பக்கம் எத்தனை, வாய் மூடியிருக்கிறதா, எங்கே படுத்திருக்கிறது, எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவள் காபி டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து மறுபடியும். முதல் மூன்று நாள் அவள் என் காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தானே போய் ஒரு தடவை சரிபார்த்தாள். நான்காம் நாளிலிருந்து அப்படியே அட்டவணையில் ஏற்றினாள்.

ஏழாம் நாள் புடைப்பு அப்படியே இருந்தது. எட்டாம் நாள் பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டு கிடந்தது. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் சாந்தாமணி கிண்ணத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பாம்பைக் கும்பிட்டாளா, கழியட்டும் என்று கும்பிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

பதினோராம் நாள் எனக்கு விடுமுறை. காலை பத்து மணிக்குத் தொட்டியைப் பார்த்தேன். குளிர்ந்த பக்க மூலையில், மரத்தூள் மேலே, கறுப்பும் வெள்ளையுமாகக் கிடந்தது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, கழிந்திருந்தது. எலி முடி கூடத் தெரிந்தது. நாற்றம் சொல்லி முடியாது. வேறு எந்த நாற்றத்துக்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

சாயங்காலம் வரை காத்திருக்க முடியவில்லை. பள்ளிக்கூட ஆபீசுக்குப் போன் போட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "பாம்பு கக்கூஸ் போய்விட்டது, என் மகள் பவித்ராவிடம் சொல்ல வேண்டும்" என்றேன். போனை எடுத்த ஆபீஸ் அம்மா, "இது அவசரச் செய்தியா?" என்று கேட்டார்.

"ரொம்ப அவசரம். பதினொரு நாளாகக் காத்திருக்கிறோம்."

"செய்தியைத் திருப்பிச் சொல்லுகிறேன், சரிதானா என்று பாருங்கள்" என்றார். திருப்பிச் சொன்னார். அவர் வாயால் கேட்கும்போதுதான் அது எப்படி இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. ஆனால் சரியாகத்தான் சொன்னார். சரி என்றேன்.

அந்தத் துண்டுச் சீட்டு கணக்கு வகுப்பு நடக்கும்போது போயிருக்கிறது. ஆசிரியர் அதை வாங்கி, மடிப்பைப் பிரித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்துவிட்டார்.

பஸ் வரும் நேரம் நான் வாசலில் நின்றேன். இந்தத் தடவை என்னவெல்லாம் கேட்கப்போகிறாளோ என்றிருந்தது. அவள் சீட்டைக் கையில் நீட்டிக்கொண்டே வந்தாள்.

"முப்பது பேர் முன்னாடிங்ப்பா."

"வெவரம் தெரியாம..."

"முப்பது பேரும் கை தட்டுனாங்க. நான் அவுங்ககிட்ட டெய்லி சொல்லீட்டு இருந்தேன், இன்னைக்கும் கழியலை, இன்னைக்கும் கழியலைன்னு."

எனக்குத் தெரியாமல் வகுப்பு முழுக்க அவளோடு சேர்ந்து காத்திருந்திருக்கிறது. அவள் உள்ளே போய்ப் பழைய அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுத உட்கார்ந்தாள். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "ஒரு காபி போட்டுக் குடுங்ப்பா" என்றாள். பதினொரு நாளில் பாம்பைப் பற்றி இல்லாத முதல் பேச்சு அது.

8

மறுபடியும் பதினாலு நாள். இந்தத் தடவை ஸ்ட்ரைப் கண்ணாடிப் பக்கம் வந்து என்னைத் தேடியபோது நான் போய்ச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டேன். அதைப் பட்டினி போடுவதுதான் அதற்குச் செய்கிற நல்லது என்று புத்திக்குத் தெரிந்துவிட்டது. மனசுக்குப் புரியவைக்க எழுந்து போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பிறகு சூட்டைக் குறைத்து, கீழே கொண்டுபோய், பத்து வாரம். வெளியே முழங்கால் அளவு பனி. ஞாயிறுதோறும் நாங்கள் இரண்டு பேரும் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போய்த் தண்ணீரை மாற்றி, எடை போட்டு, நாக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தோம். ஊரில் தீபாவளிக்கு மெஷினை நிறுத்தும்போது பின்னிய துணியை இறக்கி, பஞ்சை ஊதி, எண்ணெய் போட்டு மூடுவோம். துணியோடு மூடினால் எண்ணெய் இறங்கிக் கறையாகிவிடும். பத்து நாள் கழித்துத் திறக்கும்போது எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் ஓட்ட மாட்டோம். இதைப் பவித்ராவிடம் படிக்கட்டில் சொன்னேன். "அப்பறம் ஏனுங்ப்பா அப்படிப் பண்ணுனீங்க? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரிஞ்சிருக்குதே" என்றாள். மெஷின் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நம்மைப் பார்ப்பதில்லையே என்றேன்.

போன வாரம் பெட்டியை மேலே கொண்டுவந்தோம். ஒரு வாரம் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். எடை பெரிதாகக் குறையவில்லை. இன்று முதல் தீனி. பாயசத்தைக் கூட முழுசாகக் குடிக்காமல் ஓடும்போது, "சாயங்காலம் நேரத்துல வந்துருங்க, நீங்க இல்லாம குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சொன்னபடி மூன்றரை மணிக்கு வந்துவிட்டேன். அவள் வெந்நீர்க் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு, இடுக்கியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே குடுங்க. இந்தத் தடவை நான் பாத்துட்டு நிக்கறேன்."

சாந்தாமணி சமையலறை வாசலில் நின்றாள். கதவுக்குப் பின்னால் இல்லை, வாசலில். நான் ஃப்ரீசரைத் திறந்து டப்பாவை எடுத்தேன். மேலே நல்ல பெரிய எலிகள் கிடந்தன. மூன்று மாதம் ஒன்றும் தின்னாத ஜீவன். பவித்ரா என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பெரியவற்றை ஒதுக்கி, டப்பாவின் அடி வரை துழாவி, என் சுண்டுவிரல் அளவுக்கு இருந்த ஒன்றை எடுத்து வெந்நீரில் போட்டேன்.